தாய் மீனை விட்டுவிட்ட தீவு

"அமெரிக்கா போயிட்டு வந்தீங்களாமே சார், அங்க என்ன விவசாயம் பார்த்தீங்க? அதைப் பத்தி எழுதுங்க" என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். ஆயிரம் ஏக்கர் மக்காச்சோளம், வீடு அளவு அறுவடை இயந்திரம் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதெல்லாம் பார்த்தேன். ஆனால் ஊர் திரும்பிய பிறகும் மனதை விட்டுப் போகாதது ஒரு தீவில் பார்த்த தூண்டில் போட்டி. விவசாயப் பத்திரிகையில் தூண்டில் போட்டிக்கு என்ன வேலை என்று இப்போதே கேட்காதீர்கள். கடைசி வரை படித்துவிட்டு, அப்புறம் கேளுங்கள்.

திராட்சை இல்லாத திராட்சைத் தோட்டம்

2022 செப்டம்பர் கடைசி. மகள் வீடு பாஸ்டன் நகருக்குப் பக்கத்தில். மாப்பிள்ளைக்குக் கணினி வேலை. சனி, ஞாயிறு வந்தால் கையில் தூண்டில் கோல்தான். "மாமா, ஒரு தீவுக்குப் போவோம். இந்த மாசம் முழுக்க அங்க மீன்பிடிப் போட்டி. நீங்க பார்க்கணும்" என்றார். தீவின் பெயர் மார்த்தாஸ் வைன்யார்ட். வைன்யார்ட் என்றால் திராட்சைத் தோட்டம் ஆயிற்றே! தோட்டக்கலை பார்க்கலாம் என்ற ஆசையில் நானும் கிளம்பிவிட்டேன்.

வுட்ஸ் ஹோல் என்ற சிறு துறைமுகம் வரை காரில் போய், அங்கிருந்து கப்பலில் 45 நிமிடம். கரை இறங்கியதும் நான் திராட்சைப் பந்தலைத் தேடினேன். காணோம். 1602-ல் பார்த்தலோமியு கோஸ்னால்டு என்ற ஆங்கில மாலுமி இந்தப் பக்கம் வந்தபோது, கரையெங்கும் காட்டுத் திராட்சைக் கொடி படர்ந்திருந்ததாம். அதை வைத்து, தன் மகள் மார்த்தாவின் பெயரையும் சேர்த்துச் சூட்டியதாகச் சொல்கிறார்கள். அதற்கு முன்பே அங்கு வாழ்ந்த வாம்பனோவாக் பழங்குடி மக்கள் தீவை நோயெப் என்று அழைத்தார்கள். அவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் தீவின் மேற்கு முனையில் இருக்கிறார்கள்.

தீவின் பரப்பு சுமார் 250 சதுர கிலோமீட்டர். ஆண்டு முழுக்கக் குடியிருப்பவர்கள் 20,000 பேர் அளவில்தான். கோடை விடுமுறையில் கூட்டம் பல மடங்கு ஏறிவிடும். 'ஜாஸ்' என்ற சுறா படம் 1974-ல் இங்கேதான் எடுக்கப்பட்டது. செப்டம்பர் பிறந்து பள்ளிக்கூடம் திறந்ததும் கூட்டம் வடிந்துவிடும். திருவிழா முடிந்து ராட்டினம் கழற்றிய மைதானம் போல ஊர் வெறிச்சென்று ஆகிவிடும்.

இந்தப் போட்டியே அந்த வெறிச்சோடலில் பிறந்ததுதான். இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, 1946-ல், கோடை முடிந்த பிறகும் ஊருக்கு ஆள் வரவேண்டும், விடுதியும் கடையும் இன்னும் ஒரு மாதம் ஓடவேண்டும் என்று யோசித்தவர்கள் இதைத் தொடங்கினார்கள். செப்டம்பர் நடுவில் ஆரம்பித்து அக்டோபர் நடு வரை. இந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. குளிர் வருமுன் தெற்கே திரும்பும் மீன் கூட்டம் அப்போதுதான் இந்தக் கரையை ஒட்டிக் கடந்து போகும். 2020-ல் 75-வது போட்டி நடந்தது. இப்போது ஐந்து வாரம் நடக்கிறது. 3,000 பேருக்கு மேல் பெயர் கொடுக்கிறார்கள்.

அலையில் நின்று பிடிப்பது

படகில் போய்ப் பிடிப்பவர்களுக்கு ஒரு பிரிவு, கரையில் நின்று பிடிப்பவர்களுக்கு ஒரு பிரிவு. தீவுக்காரர்கள் பெருமையாகப் பேசுவது கரைப் பிரிவைத்தான். படகும் இயந்திரமும் வாங்க வசதி இல்லாதவரும் ஒரு கோலை வைத்துக்கொண்டு ஜெயிக்கலாம் அல்லவா!

அலை வந்து உடையும் இடத்தில் நின்று தூண்டில் போடுவது தனிக் கலை. கோல் 10 முதல் 12 அடி நீளம். நம் பக்கம் தங்கூசி என்று சொல்கிறோமே, அதுபோன்ற நரம்பைச் சுற்றிய ராட்டை அதில் பூட்டியிருக்கும். முனையில் மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்த பொய் மீன், இல்லையென்றால் விலாங்கு. மார்பு வரை ரப்பர் கால்சட்டை. அலை உடைந்து நுரை தள்ளும் இடத்தில் சிறு மீன்கள் நிலைகுலைந்து திணறும். அவற்றைத் தின்னப் பெரிய மீன் கரைக்கு அருகிலேயே வரும். அதிலும் விடியற்காலை, அந்தி, இருட்டு ஆகிய நேரங்களில்தான் அதிகம் வரும். ஆகவே நல்ல தூண்டில்காரர் மீனைத் தேடுவதில்லை. எந்த ஓதத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கிறது, மணல்திட்டு எங்கே உடைந்து பள்ளமாக இருக்கிறது என்று பார்ப்பார். மடை திறந்தால் தண்ணீர் முதலில் எந்த வயலுக்குப் பாயும் என்று நம் நீர்க்கட்டி சொல்வது மாதிரி.

போட்டியில் சேரப் பணம் கட்டினால் ஒரு சட்டைப் பித்தான் போன்ற வில்லை தருவார்கள். மீன் பிடிக்கும்போது அது உடையில் இருக்கவேண்டும். அதுபோக மாநில அரசின் கடல் மீன்பிடி உரிமமும் வேண்டும். 60 வயது ஆனவர்களுக்கு அது இலவசம். "இன்னும் சில வருஷம் பொறுங்க மாமா" என்று மாப்பிள்ளை சிரித்தார்.

போட்டியின் முழுப் பெயரிலேயே இரண்டு மீன் இருக்கிறது: ஸ்டிரைப்டு பாஸ், ப்ளூஃபிஷ். முதலாவது, உடம்பில் நீளவாக்கில் ஏழெட்டுக் கறுப்புக் கோடு ஓடும் வரிமீன். பார்க்க நம் கொடுவாவை ஒத்திருக்கும். இந்தக் கட்டுரைக்காக அதை வரிமீன் என்றே சொல்கிறேன். இரண்டாவது, கூரிய பல் கொண்ட முரட்டு மீன். இவற்றோடு நம் சூரையின் சொந்தக்காரர்களான இன்னும் இரண்டு மீன் வகைகளும் போட்டியில் உண்டு.

மீனும் மக்காச்சோளமும்

வரிமீனுக்கும் விவசாயத்துக்கும் உள்ள உறவு பழையது. 1620-ல் இந்தக் கடற்கரையில் வந்து இறங்கிய ஆங்கிலேயக் குடியேறிகளுக்கு மக்காச்சோளம் பயிரிடத் தெரியாது. டிஸ்குவாண்டம் என்ற பழங்குடி மனிதர், குழியில் மீனைப் போட்டு அதன்மேல் விதை ஊன்றக் கற்றுக்கொடுத்தார் என்பது அவர்களே எழுதிவைத்த செய்தி. நம் மத்தி மீனின் உறவான ஒரு மீனுக்கு அந்தப் பகுதி மொழியில் வழங்கிய பெயருக்கே 'நிலத்தை வளமாக்குவது' என்று பொருள். அந்தப் பெயர் திரிந்துதான் இன்று மென்ஹேடன் என்று ஆங்கிலத்தில் வழங்குகிறது. நாம் மீன் கழிவும் வெல்லமும் சம எடை கலந்து, மூடிவைத்து, 21 நாளுக்கு மேல் நொதிக்கவிட்டு, 10 லிட்டர் தண்ணீருக்கு 50 மில்லி என்று தெளிக்கும் மீன் அமிலத்தின் தூரத்துப் பங்காளி என்று இதைச் சொல்லலாம்.

குடியேறிகள் கற்றுக்கொண்டார்கள். ஆனால் அளவு தெரியாமல் அள்ளினார்கள். 1639-ல் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் மன்றம் ஒரு சட்டம் போட்டது: காட் மீனையும் பாஸ் மீனையும் இனி எருவாகப் போடக்கூடாது. குடியேற்றம் ஏற்பட்டுப் பத்துப் பதினைந்து வருடம்கூட ஆகாத காலம் அது. கடல் முழுக்க மீன் இருந்தபோதே, சாப்பிடவேண்டிய மீனை நிலத்தில் புதைக்காதே என்று யாரோ ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது.

பணக்காரர்களின் பலகை

இந்தக் கரையில் தூண்டில் பொழுதுபோக்காக மாறியது 1860-களில். பக்கத்திலுள்ள கட்டிஹங்க் என்ற சின்னத் தீவில் நியூயார்க் பணக்காரர்கள் சேர்ந்து ஒரு மீன்பிடி மன்றம் வைத்தார்கள். கரையோரப் பாறைகளில் இரும்புக் கம்பி நட்டு, கடலுக்குள் நீளும் பலகைப் பாதை போட்டார்கள். அதன் நுனியில் உட்கார்ந்து தூண்டில் போடுவார்கள். எந்தப் பலகை யாருக்கு என்று சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். உள்ளூர்ப் பையன்கள் இரையை வெட்டித் தண்ணீரில் வீசி மீனை வரவழைக்க வேண்டும். என்ன இரை தெரியுமா? லாப்ஸ்டர் என்ற பெரிய சிங்கி இறால்! அன்றைக்கு அது அவ்வளவு மலிவு. வைன்யார்ட் தீவின் தென்மேற்கு மூலையிலும் இதே போன்ற மன்றம் ஒன்று இருந்தது.

சில பத்தாண்டுகளில் மீன் குறைந்தது. மன்றங்களும் ஒவ்வொன்றாக மங்கின. ஆனாலும் 1913-ல் கட்டிஹங்கை அடுத்த கடலில் 73 பவுண்டு, அதாவது சுமார் 33 கிலோ, வரிமீன் ஒன்று தூண்டிலில் அகப்பட்டது. அதை முந்த யாராலும் முடியாமல் ஏறத்தாழ எழுபது வருடம் போனது. ஒவ்வொரு தூண்டில்காரரின் கனவிலும் அந்த 73 பவுண்டு இருந்தது. 1946-ல் தொடங்கிய போட்டிக்கு அந்தக் கனவுதான் முதலீடு. யார் பிடித்த மீன் எடை அதிகமோ அவருக்குப் பரிசு. எத்தனை மீன் என்பது கணக்கில்லை. ஒரே ஒரு மீன், ஆனால் பெரிய மீன்.

இந்த இடத்தில் ஓர் உயிரியல் உண்மையைச் சொல்லவேண்டும். வரிமீன்களில் மிகப் பெரியவை எல்லாமே பெண் மீன்கள். சுமார் 5 கிலோ எடையுள்ள தாய் மீன் ஒரு பருவத்தில் எட்டரை லட்சம் முட்டை அளவில் இடும். 25 கிலோ தாய் மீன் 40 லட்சத்துக்கும் மேல் இடும். கடலில் வாழ்ந்தாலும் முட்டையிட ஆற்றுக்குத்தான் வரும். இந்தக் கரைக்கு வரும் மீன்களில் பெரும்பகுதி, தெற்கே மேரிலாந்து, வர்ஜீனியா மாநிலங்களை ஒட்டிய செசபீக் விரிகுடாவில் கலக்கும் ஆறுகளில் பிறந்தவை. அப்படியானால் 'பெரிய மீனுக்குப் பரிசு' என்பதன் அர்த்தம் என்ன? குதிரில் இருக்கும் விதைநெல்லில் எது முதல்தரமோ, அதைக் குத்திச் சோறாக்கியவனுக்குப் பரிசு. அன்று யாரும் இப்படி நினைக்கவில்லை. நாமும் எத்தனையோ விஷயத்தில் நினைக்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

பெயரில் இருந்த மீனையே எடுத்தார்கள்

1970-களின் நடுவிலிருந்து வரிமீன் சரிந்தது. அமெரிக்க அட்லாண்டிக் கரையில் தொழில்முறை மீனவர்கள் 1973-ல் பிடித்தது சுமார் 1.5 கோடி பவுண்டு, நம் கணக்கில் 6,800 டன். 1983-ல் அது 35 லட்சம் பவுண்டு, சுமார் 1,600 டன். பத்து வருடத்தில் நாலில் ஒரு பங்கைவிடக் குறைவு. மேரிலாந்தில் 1954 முதல் ஆண்டுதோறும் ஆற்றில் சிறு வலை இழுத்து, அந்த வருடம் பிறந்த குஞ்சுகளை எண்ணி வருகிறார்கள். அந்த எண்ணிக்கையும் வருடக்கணக்கில் படுத்தே கிடந்தது. அளவுக்கு மீறிப் பிடித்ததோடு, முட்டையிடும் ஆறுகளின் தண்ணீர் கெட்டதும் காரணம் என்று ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள்.

1984-ல் நாடாளுமன்றம் வரிமீனுக்கென்றே ஒரு பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. 1985 தொடக்கத்தில் மேரிலாந்து மாநிலம் வரிமீன் பிடிப்பதை முற்றாகத் தடை செய்தது. 1990 வரை தடை. அதை நம்பிப் பிழைத்த மீனவக் குடும்பங்களுக்கு அந்த ஐந்தாறு வருடம் லேசானதாக இருந்திருக்காது.

வைன்யார்ட் தீவில் என்ன செய்தார்கள்? அவர்கள் மாநிலத்தில் முழுத் தடை இல்லை. போட்டிக்காரர்கள் விரும்பினால் தொடர்ந்திருக்கலாம். ஆனால் அதே 1985-ல் போட்டிக் குழு வரிமீனைப் போட்டியிலிருந்தே நீக்கிவிட்டது. பெயர்ப் பலகையில் முதலில் இருக்கும் மீன் அது! மதுரையில் சித்திரைத் திருவிழாவை அழகர் இல்லாமல் நடத்துவதற்குச் சமம். 1992 வரை எட்டு வருடம் அப்படியே நடத்தினார்கள். மற்ற மீன்களை எடை போட்டார்கள், பரிசு கொடுத்தார்கள். திருவிழா நிற்கவில்லை.

தடை பலித்தது. மீன் பெருகியது. 1993-ல் வரிமீன் மறுபடி போட்டிக்குள் வந்தது. 1995-ல் அட்லாண்டிக் வரிமீன் மீண்டுவிட்டது என்று அரசு அமைப்புகள் அறிவித்தன. கெட்டுப்போன ஒரு பொதுச் சொத்து ஒரு தலைமுறைக்குள்ளேயே மீண்டதற்கு எடுத்துக்காட்டாக உலகமெங்கும் இதைச் சொல்கிறார்கள்.

கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை. 2019-ல் வெளியான கணக்கெடுப்பு, வரிமீன் மறுபடி அளவுக்கு மீறிப் பிடிக்கப்படுகிறது என்றது. 2020-ல் வந்த புது விதிப்படி, 28 அங்குலத்துக்குக் குறைந்த குஞ்சையும் எடுக்கக்கூடாது, 35 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள தாய் மீனையும் எடுக்கக்கூடாது என்று இருந்தது. இடைப்பட்டதில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று. பிடித்து உடனே தண்ணீரில் விட்டாலும், விட்டவற்றில் 100-க்கு 9 இறந்துபோவதாகக் கணக்கு வைக்கிறார்கள். போட்டிக் குழு மறுபடியும் அதே முடிவை எடுத்தது. 75-வது ஆண்டு என்ற பெருமைக்குரிய வருடத்திலேயே வரிமீனை நீக்கியது. நான் போன 2022-லும் எடை மேடையில் வரிமீன் இல்லை.

கரையில் கண்ட காட்சி

மாலை எட்கர்டவுன் ஊரிலிருந்து தென்கரைக்குப் போனோம். எட்கர்டவுன் ஒரு காலத்தில் திமிங்கில வேட்டைக்காரர்களின் ஊர். அந்தக் கப்பல் தலைவர்கள் கட்டிய வெள்ளை மர வீடுகள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. கரையில் பத்துப் பன்னிரண்டு பேர், ஒருவருக்கொருவர் நல்ல இடைவெளி விட்டு நின்றிருந்தார்கள். காற்று காதை அறுத்தது. மகள் கொடுத்த கம்பளிக் குல்லாவை இழுத்து மூடிக்கொண்டேன்.

எங்களுக்கு அடுத்து நின்றவர் எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். இருட்டிய பிறகு அவர் கோல் வளைந்தது. ராட்டை கிறீச்சென்று ஓடியது. கால் மணி நேரம் இருக்கும். ஒவ்வொரு அலை வரும்போதும் கொஞ்சம் சுற்றினார், அலை பின்வாங்கும்போது விட்டுக்கொடுத்தார். முரட்டு மாட்டைக் கயிறு அறாமல் தொழுவத்துக்குக் கொண்டுவருகிற கைப்பழக்கம். கடைசியில் ஓர் அலை மீனைக் கொண்டுவந்து மணலில் வைத்தது. நெற்றி விளக்கு வெளிச்சத்தில் கறுப்புக் கோடுகள் பளபளத்தன. வரிமீன்! அவர் குறி வைத்தது ப்ளூஃபிஷுக்கு. வந்தது இது. கோலில் ஒட்டியிருந்த அளவுக் கோட்டில் வைத்துப் பார்த்தார். 40 அங்குலத்துக்கும் மேல்.

படம் எடுப்பார் என்று நினைத்தேன். அதுகூட இல்லை. குறட்டால் முள்ளைக் கழற்றினார். இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கித் தூக்கி, இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். வாலைப் பிடித்துக்கொண்டு, செவுளில் தண்ணீர் பாய்கிற மாதிரி முன்னும் பின்னும் மெதுவாக அசைத்தார். பிறந்த கன்றின் மூக்கைத் துடைத்து மூச்சு வரவழைப்போமே, அந்தப் பொறுமை. ஒரு நிமிடம் போயிருக்கும். மீன் வாலை ஓர் அடி அடித்துப் போய்விட்டது. அவர் முகமெல்லாம் உப்புத் தண்ணீர்.

"இவ்வளவு பெரிசை விட்டுட்டாரே, வருத்தமா இல்லையான்னு கேளுங்க மாப்பிள்ளை" என்றேன். மாப்பிள்ளை கேட்டார். பெரியவர் சொன்ன பதிலை மாப்பிள்ளை நம் தமிழில் இப்படிச் சொன்னார்: "அது தாய் மாமா. அவ திரும்பி வந்தாதான் என் பேரப்பசங்க இந்தக் கரையில நிப்பாங்களாம்."

எடை மேடை

இரவு 8 மணிக்குத் துறைமுக ஓரத்தில் உள்ள எடை நிலையத்துக்குப் போனோம். காலை 8 முதல் 10, இரவு 8 முதல் 10, இந்த நேரத்தில்தான் எடை போடுவார்கள். நம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டை இறங்குகிற கலகலப்பு. தச்சர், பள்ளிப் பிள்ளைகள், பாட்டிமார், பணக்காரர் என்று எல்லாரும் ஒரே வரிசை. சிறுவர், பெண்கள், மூத்தோர் என்று தனித்தனிப் பரிசும் உண்டு. ஒரு சிறுவன் தன் ப்ளூஃபிஷைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தான். எடையைச் சொன்னதும் வரிசை முழுக்கக் கை தட்டியது.

எடை என்று வந்தால் சந்தேகமும் வரும். நம் பருத்தி மூட்டையில் தண்ணீர் தெளிப்பது போல. ஒரு வருடம், முதலிடத்துக்கு வந்த வரிமீனின் வயிற்றை அறுத்தபோது உள்ளே ஈயக் குண்டுகள்! தீவே அதிர்ந்தது. விசாரித்ததில், பிடித்தவர் மேல் குற்றமில்லை என்று தெரிந்தது. இரை மீனுக்குள் ஈயத்தைத் திணித்துக் கடலடியில் இறக்கிப் பிடிக்கும் ஒரு முறையைத் தொழில் மீனவர்கள் சிலர் கையாண்டார்கள். அப்படிப்பட்ட இரைகளை அந்த மீன் முன்பே விழுங்கியிருக்கிறது.

முடிவில் பரிசு கொடுக்கும் விதமும் எனக்குப் பிடித்தது. ஒவ்வொரு மீன் வகையிலும் முதலாவது வந்தவர்களுக்கு ஆளுக்கொரு சாவி. பூட்டு ஒன்றுதான். யார் சாவிக்குத் திறக்கிறதோ, கரைப் பிரிவில் அவருக்கு ஒரு பிக்கப் வண்டி, படகுப் பிரிவில் ஒரு படகு. திறமைக்குப் பாதி, அதிர்ஷ்டத்துக்குப் பாதி. எடை போட்ட மீனை விருப்பப்பட்டால் அங்கேயே கொடுத்துவிடலாம். தன்னார்வலர்கள் முள் நீக்கித் துண்டு போட்டு, தீவிலுள்ள முதியவர்களுக்கு அனுப்புகிறார்கள். போட்டியில் வரும் பணத்தில் ஊர்ப் பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகையும் தருகிறார்கள்.

நான் எடை போட்ட போட்டி

திரும்பும் கப்பலில் மாப்பிள்ளை தூங்கிவிட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை. நினைவெல்லாம் நம் ஊர்ப் பக்கம் போய்விட்டது.

பணியில் சேர்ந்த முதல் சில வருடங்கள் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு வறண்ட வட்டாரத்தில் இருந்தேன். அங்கே ஒரு பயிர் விளைச்சல் போட்டியில் நெல்லை அறுத்து, தூற்றி, ஈரப்பதம் பார்த்து எடை போட்டவர்களில் நானும் ஒருவன். அந்தக் கிராமத்தில் ஓர் அண்ணன் ஜெயித்தார். ஆழ்துளைக் கிணறு போட்டுக் கோடையிலும் வயலை நிறைத்து வைத்திருந்தவர். மாலை போட்டு மேடையேற்றினோம். நான்தான் முதலில் கை தட்டினேன். மறு வருடம் அவரைப் பார்த்து அதே ஊரில் பத்துப் பன்னிரண்டு பேர் குழாய் இறக்கினார்கள். 200 அடியில் இருந்த தண்ணீருக்கு 400 அடி போனார்கள். பிறகு 700. கடன் வாங்கித் தோண்டியதில் பாதிக் குழாயில் புழுதிதான் வந்தது. ஜெயித்த அண்ணன் கிணறும் கடைசியில் காற்றைத்தான் கக்கியது. சில வருடம் கழித்து அந்த வழியாகப் போனபோது, அவர் வயலில் சீமைக் கருவேலம் நின்றது. "நீங்க எடை போட்டப்ப நெல்லை மட்டும் போட்டீங்க சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

நான் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளில் எக்டருக்கு எத்தனை கிலோ என்று ஒரு கட்டம் இருந்தது. அதற்கு எத்தனை தண்ணீர் செலவானது என்று ஒரு கட்டம் இல்லை. இல்லையே என்று கேட்கவேண்டியது படித்த என் வேலை. நான் கேட்கவில்லை.

நிலத்தடி நீரும் வரிமீன் மாதிரிதான். யார் வயலுக்குக் கீழே இருந்தாலும் எல்லாருக்கும் சொந்தம். ஒருவர் மட்டும் அடங்கி நின்றால், மிச்சத்தை அடுத்தவர் எடுத்துவிடுவார். அதனால் தனி ஆளின் நல்லெண்ணம் போதாது. ஊர் கூடி நிறுத்தவேண்டும். அந்தப் பழக்கம் நமக்குப் புதிதா என்ன? புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரைப் பக்கம் கண்மாய் வற்றும் கோடையில் மீன்பிடித் திருவிழா பார்த்திருப்பீர்கள். ஊத்தாவும் வலையுமாகச் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் கரையில் நிற்கும். ஆனால் ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசும் வரை ஒருவர்கூடக் கால் நனைக்க மாட்டார். நம் கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. அதுவும் மீன் இனப்பெருக்கத்துக்காகத்தான். துண்டு வீசும் வரை காத்திருக்கத் தெரிந்த ஊருக்கு, குழாய்க் கிணறு விஷயத்திலும் காத்திருக்கத் தெரியாமலா போகும்?

ஒன்று மட்டும் சொல்வேன். போட்டி கெட்டதில்லை. எதை எடை போடுகிறோம் என்பதில்தான் இருக்கிறது. உங்கள் ஊரில் இனி விளைச்சல் போட்டி நடந்தால், நெல்லோடு தண்ணீரையும் கணக்கெடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு ஏக்கருக்கு மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது என்று ஒரு நோட்டில் எழுதிவைத்தாலே போதும். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டி, பண்ணைக்குட்டை வெட்டி, குறைந்த தண்ணீரில் நல்ல விளைச்சல் எடுத்தவர் மேடையேறட்டும். அதிகாரி மறுத்தால், இந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டுங்கள்.

அந்தத் தீவில் இரண்டு முறை, தங்களுக்குப் பெருமை தந்த மீனையே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு விழாவை நடத்தியிருக்கிறார்கள். உங்கள் ஊரிலும், கண்மாயோ, மேய்ச்சல் காடோ, கிணறோ, "இத்தோடு போதும், கொஞ்ச காலம் விட்டுவைப்போம்" என்று ஊர் கூடி முடிவெடுத்த கதை இருக்கலாம். யார் முதலில் சொன்னார், யார் எதிர்த்தார், பிறகு என்ன ஆயிற்று என்று இரண்டு பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள். வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதும் இந்த இடத்தில், இந்த முறை கேட்பவன் நான்.